நாலு மணிக்கு இறங்கும் வெள்ளம்

எங்கள் கிளப்பில் பதினேழு வருடம் இருந்தேன். ஒரு நாளும் பந்தை உதைத்ததில்லை. ஆட்டத்தன்று காலையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது, கோல் வலையைக் கட்டுவது, மைதானத்தின் மேற்கு மூலையில் இருக்கும் கானையை, அதாவது சாக்கடை வாய்க்காலைப் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் என் வேலை. இதில் எதற்கும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதைத் தெரிந்துதான் மச்சினன் அந்த வேலையை எனக்குக் கொடுத்தான்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. கிளப்புக்கு அவன்தான் கேப்டன், அவன்தான் செக்ரட்டரி, ஆள் குறைந்தால் அவன்தான் கோல்கீப்பர். எனக்கும் அவன்தான் வாய். கல்யாணமான புதிதிலேயே அவனுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. ரேஷன் கடையில் அட்டையில் பெயர் விட்டுப்போனபோது அவன் போய்ப் பேசினான். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதும் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவன் பேசினான். "அத்தான் ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா அப்பா மாதிரி இருந்தா மதி, அது போதும்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான். எனக்கு நாலு பேர் ஒன்றாக முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்தாம் வகுப்பு வரை படித்த பள்ளியில் ஒரு தடவைகூட எழுந்து நின்று பாடம் வாசித்ததில்லை. நகராட்சியில் கானை சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்த பிறகும், காலையில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் "உண்டு" மேஸ்திரிக்குக் கேட்காது. பக்கத்தில் நிற்பவர் எனக்காகச் சொல்வார்.

மைதானம் மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால், தோட்டை ஒட்டி இருந்தது. தோடு என்று இங்கே சொல்வது காயலில் இருந்து உள்ளே வரும் சின்னக் கால்வாயை. மைதானம் ரோட்டைவிட ஒரு முழம் தாழ்வு. வெள்ளைக்காரர் காலத்தில் அந்தக் கிடங்குகள் ஓர் ஆங்கிலக் கம்பெனியிடம் இருந்தன. அவர்கள்தான் அங்கே முதலில் பந்து விளையாடினார்களாம். எங்கள் கிளப் கொட்டகையில் அவர்கள் படம் ஒன்று மாட்டியிருந்தது. முழங்காலைத் தாண்டும் கால்சட்டையும் மீசையுமாகப் பதினோரு பேர், நடுவில் உட்கார்ந்தவர் மடியில் பந்து. ஒரு மழைக்காலத்தில் ஆணி துருப்பிடித்துப் படம் விழுந்து சட்டம் உடைந்தது. அப்போதுதான் படத்தின் முதுகில் மசியால் எழுதியிருந்ததைப் பார்த்தோம். ஒரு வருடத்து ஆட்டங்கள் முழுக்க, கோல் கணக்கோடு வரிசையாக எழுதியிருந்தது. மச்சினன் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எடா, எல்லாம் தோத்துப் போயிருக்கானுங்க! ரெண்டே ரெண்டு ஜெயிச்சிருக்கான். நம்மளவிட மோசம்."

"வெள்ளக்கார சாயிப்புக்கும் நம்ம சென்டர் பேக்தான் விளையாடினான் போல" என்றார் ஆட்டோ ஓட்டும் வலது பக்கத்து ஆட்டக்காரர். சென்டர் பேக் ஹோட்டலில் புரோட்டா போடுகிறவர். "நாளைக்குக் கடைக்கு வா, கல்லு மாதிரி ஒண்ணு போட்டுத் தரேன்" என்றார் அவர்.

கம்பெனி போன பிறகு கிடங்கை வாங்கிய குடும்பத்தார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்கள். லீக்கில் இருக்கும் ஒரு கிளப் அங்கே ஆடிக்கொண்டிருக்கும் வரை அந்த நிலத்தைத் தொடமாட்டோம். எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டு தலைமுறையாக அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்கள். இப்போதைய முதலாளியும் எங்களிடம் முகம் சுளித்ததில்லை. ஆனால் லீக்கை விட்டு நாங்கள் வெளியே போனால் அந்த வார்த்தை முடிந்தது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த வருடம் நாங்கள் கடைசி டிவிஷனில் இருந்தோம். அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது. கடைசி இடத்தில் முடிக்கும் கிளப் லீக்கை விட்டுப் போகவேண்டும்.

முதல் ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றோம். ஒன்றில் ஏழு கோல். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் நகராட்சியில் துப்புரவு வேலை செய்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக் குப்பையை வாரிவிட்டு மூன்றரைக்கு பூட்ஸ் போடுவார்கள். மற்ற அணிகளில் இருபது வயதுப் பிள்ளைகள். எங்கள் கேப்டனுக்கு முப்பத்தெட்டு. ஆறாவது ஆட்டம் சமன். ஏழாவதில், தண்ணீர் தேங்கிய வெளிமைதானம் ஒன்றில், புரோட்டா மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையால் முட்டியது உள்ளே போனது. அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். திரும்பி வரும் வண்டியில் மச்சினன் என் தொடையில் அடித்து அடித்துச் சொன்னான். "அத்தான், கடைசி ஆட்டம் நம்ம மைதானம். ஒரு சமன் போதும். நிலம் நின்னுரும்."

எட்டாவது ஆட்டத்தில் தோற்றோம். அது எதிர்பார்த்ததுதான். ஒன்பதாவதுதான் கடைசி. ஏலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அணி வரவேண்டும். அவர்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆட்டம் விருச்சிக மாதத்தில் வந்தது. நம் கார்த்திகை. இங்கே அந்த மாதத்தில் வேலியேற்றம், அதாவது கடல் ஏற்றம், மிகுதி. காயல் தண்ணீர் பௌர்ணமியை ஒட்டித் தோட்டில் ஏறி, தோட்டிலிருந்து கானையில் ஏறி, வீட்டு முற்றத்தில் உப்புத் தண்ணீராக நிற்கும். மழையே இல்லாத வெயில் நாளில் கணுக்கால் அளவு வெள்ளம் வரும். மைதானத்துக் கானையின் வாயில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒரு பலகை உண்டு. தண்ணீர் ஏறும்போது பலகையை இறக்கி, ஓரத்தில் களிமண் அடைத்து வைப்பேன். இறங்கும்போது தூக்கிவிடுவேன். தூக்கினால் மைதானத்துத் தண்ணீர் கால் மணி நேரத்தில் ஓடிவிடும். எப்போது தூக்குவது என்பதில்தான் காரியம் இருக்கிறது. முன்னே தூக்கினால் தோட்டுத் தண்ணீர் உள்ளே வரும். இன்று மூன்று மணிக்குத் திரும்பிய தண்ணீர் நாளைக்கு முக்கால் மணி நேரம் பிந்தித்தான் திரும்பும். இருபது வருடம் கானைக்குள் நின்றவனுக்குக் கடிகாரம் தேவையில்லை. தண்ணீரில் மிதக்கும் ஒரு தெர்மோகோல் துண்டைப் பார்த்தால் போதும். அது உள்பக்கமாக வந்துகொண்டிருக்கும். பிறகு நிற்கும். பிறகு மெதுவாகத் தோட்டுப் பக்கம் முகம் திருப்பும்.

ஆட்டம் பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். அன்று பலகைக்கு மேலேயே வழிந்து உள்ளே வந்தது. இரண்டரை மணிக்கு மேற்குக் கோல் பக்கம் முழுக்க வெள்ளம். காலையில் நான் போட்ட கோடு பால் மாதிரி கலங்கி நின்றது. மச்சினன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"எப்ப இறங்கும் அத்தான்?"

"மூணே முக்காலுக்குத் திரும்பும். நாலேகாலுக்கு நிலம் தெரியும்."

"உறுதிதானே?"

"உறுதி."

"அப்ப செரி. ரெஃப்ரி அரை மணிக்கூர் காத்து நிக்கலாம்னு ரூல் உண்டு. நான் மில்லுக்குப் போய் நாலு சாக்கு மரத்தூள் கொண்டு வரேன், சேத்துல தூவிக்கலாம். ரெஃப்ரி வந்தா நீங்க இத மட்டும் சொல்லிருங்க. நாலு மணிக்கு இறங்கும், காத்து நில்லுங்கன்னு. அவ்ளோதான். வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

சரி என்றேன். அவன் மூன்று ஆட்களையும் கைவண்டியையும் கூட்டிக்கொண்டு போனான்.

ரெஃப்ரி மூன்றரைக்கு வந்தார், ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. கும்பளங்கிக்காரர், ஐம்பது வயதிருக்கும், கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டு மடித்துப் பையில் கொண்டு வந்திருந்தார். நல்ல மனிதர், ஒருவரிடமும் அதிர்ந்து பேசமாட்டார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி கோல் வரை நடந்தார். பந்தை ஒரு தடவை கீழே போட்டுப் பார்த்தார். பந்து துள்ளாமல் மிதந்தது. ஓரத்தில் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள்.

ரெஃப்ரி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "ஈ வெள்ளம் எப்ப இறங்கும்? இவிடத்துக்காரு ஆருக்கெங்கிலும் அறியாமோ?"

தண்ணீர் எப்போது இறங்கும், இந்த இடத்து ஆட்கள் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியும். கானை ஓரத்தில் பலகையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து அடி தள்ளி நின்றிருந்தேன். தெர்மோகோல் துண்டு நின்றுவிட்டது. அதை அப்போதுதான் பார்த்தேன். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் என் பக்கம் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். எனக்குக் காது சூடானது. அவர் இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

இன்னொரு தடவையும் கேட்டார். அதற்குள் எதிரணி மானேஜர் முந்திக்கொண்டார். "சாரே, இது வேலியேற்றமாணு. சந்தி ஆவாதே இறங்கில்ல. எங்களுக்கு அவ்வளோ தூரம் திரிச்சுப் போணும்." மாலை மங்கும்வரை இறங்காது, எங்களுக்குத் தூரம் போகவேண்டும் என்றார். அவரும் வேண்டுமென்று சொல்லவில்லை. ஏலூரில் ஆற்றுக் கரையில் இருப்பவருக்கு எங்கள் கானையின் கணக்கு எப்படித் தெரியும்?

ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் காத்திருந்தார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் இரண்டு தடவை அடி எடுத்து வைத்தேன். மூன்று வார்த்தை போதும், மலையாளத்திலும் எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் எதிரணி ஆட்கள் சூழ்ந்து நின்றிருந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், எல்லாரும் பேச்சை நிறுத்தி என்னைப் பார்க்க, நான் பேசவேண்டும். அது என்னால் ஆகவில்லை. பலகைக்குத் திரும்பி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். தெர்மோகோல் துண்டு தோட்டுப் பக்கம் திரும்பிப் போக ஆரம்பித்திருந்தது. ரெஃப்ரி ஒரு நீண்ட விசில் ஊதி, மைதானம் ஆடத் தகுதியில்லை என்று தாளில் எழுதினார். சொந்த மைதானம் ஆகாவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு. அதுதான் ரூல்.

விசில் ஊதின கையோடு நான் பலகையைத் தூக்கினேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

மச்சினன் மரத்தூள் மூட்டைகளோடு வந்தபோது நாலு மணி. எதிரணி ஆட்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வண்டியை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தான்.

"சொன்னீங்களா அத்தான்?"

நான் தலை குனிந்திருந்தேன். தண்ணீர் என் கால் வழியாக விரைவாக ஓடிக்கொண்டிருந்தது.

"சொன்னேன். அவரு கேக்கல."

இந்தப் பொய் எங்கிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ரெஃப்ரியிடம் வராத வார்த்தை, அவனிடம் தடங்கல் இல்லாமல் வந்தது.

அவன் நேராக ரெஃப்ரியிடம் போனான். அவர் பெஞ்சில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆளு சொன்னாரில்ல? நாலு மணிக்கு இறங்கும்னு?"

"என்னோட ஆரும் ஒண்ணும் பறஞ்சில்ல மோனே. ஞான் ரெண்டு வட்டம் சோதிச்சு." யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு தடவை கேட்டேன் என்றார். அமைதியாகத்தான் சொன்னார்.

"எங்க அத்தான் ஆண்டுக்கு நாலு வார்த்தை பேசுற ஆளு. அதுல ஒண்ணப் போய் பொய்யா சொல்லுவாரு? நீரு பொய் சொல்லாதேயும்."

"ஞான் எந்தினா பொய் பறையுன்னது?" நான் எதற்குப் பொய் சொல்லவேண்டும் என்றார்.

அதற்குள் மச்சினனின் கை எழுந்துவிட்டது. கன்னத்தில் ஒரே அடி. ரெஃப்ரியின் கண்ணாடி தெறித்துச் சேற்றில் விழுந்தது. ஆட்கள் மச்சினனைப் பிடித்து இழுத்தார்கள். ரெஃப்ரி எழுந்திருக்கவில்லை. கையால் தடவிக் கண்ணாடியைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

நாலேகாலுக்கு மைதானம் முழுக்க ஈரமாக மின்னியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. புரோட்டா மாஸ்டர் ஒரு பந்தைத் தூக்கிப்போட்டார். அது நன்றாகத் துள்ளியது.

அந்த அடி இல்லாவிட்டால் வழி இருந்திருக்கும். நாலேகாலுக்கு நிலம் ஆடத் தயாராக இருந்தது என்று லீக் நடத்துகிறவர்களிடம் மனு கொடுத்தால் ஆட்டத்தை மறுபடியும் வைப்பார்கள், வேறு ஒரு கிளப்புக்கு வைத்திருக்கிறார்கள். ரெஃப்ரியை அடித்த கிளப்பின் மனுவை யார் வாங்குவார்கள்? மச்சினனுக்கு ஆயுள் முழுக்கத் தடை. கிளப்பின் பெயரை வெட்டினார்கள். மழைக்காலம் முடிந்ததும் முதலாளி வீட்டிலிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள். முதலாளியே ஒரு நாள் வந்து மச்சினனிடம் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். கானையை மூடி, மண்ணடித்து உயர்த்தி, தரைக்கல் பதித்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வரும் பஸ்களும் கார்களும் இப்போது அங்கேதான் நிற்கின்றன.

அதன் பிறகு நான்கு வருடம் மச்சினன் எனக்காக வாதாடினான். சாயாக் கடையில், கல்யாண வீட்டில், வேலை செய்யும் இடத்தில். யாராவது கிளப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். "எங்க அத்தான் சொன்னாரு. அந்தாளு கேக்கல. கேட்டிருந்தா இன்னிக்கு நிலம் நம்ம கையில." பக்கத்தில் நான் இருந்தால் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொல்வான். நான் சாயாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடக்கமானவர் என்று எல்லாரும் நினைத்தார்கள். என் மனைவிகூட ஒரு தடவை சொன்னாள், "நீங்க வாய் திறந்து பேசின ஒரே நாளு, அன்னிக்கும் ஒருத்தனும் கேக்கல பாருங்க."

போன மாதம் மச்சினன் வீட்டில் ஒரு விசேஷம். வந்திருந்த ஒருவர் சொன்னார், அந்த ரெஃப்ரி அன்றோடு விசிலைக் கீழே போட்டுவிட்டாராம். அடி வாங்கின முகத்தோடு இனி மைதானத்தில் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஊரில் மீன் வளர்க்கிறாராம். மச்சினன் இலையில் சோறு போட்டுக்கொண்டே, "பொய் சொன்னவனுக்கு அது வேணும்" என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, காயலுக்கு அக்கரையில் இருக்கும் பிராட்வே கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடையில்தான் அவனுக்கு வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனை வெளியே கூப்பிட்டு, வாளிகள் அடுக்கியிருந்த சந்துக்குள் நின்று சொன்னேன். நான் அன்று ரெஃப்ரியிடம் சொல்லவில்லை என்றேன்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"வெள்ளம் திரும்பினது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அந்த ஆளு கேட்டாரா?"

"கேட்டாரு. ரெண்டு தடவ."

கடைக்குள்ளிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வரேன் சேட்டா" என்று கத்தினான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நிலம் போனது போகட்டும் அத்தான். நீங்க பேசமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்ககிட்ட விட்டுட்டுப் போனது என் மடத்தனம். ஆனா நான் அந்த மனுஷன அடிச்சிருக்கேனே."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவன் கும்பளங்கிக்குப் போகப்போகிறான் என்று மனைவி மூலம் தெரிந்தது. எதற்கென்று அவளிடம் அவன் சொல்லியிருக்கவில்லை. நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். "ஞான் பறஞ்சில்ல. தெற்று என்றேதாணு. இவன்றே அல்ல." நான்தான் சொல்லவில்லை, தப்பு என்னுடையது, இவனுடையது இல்லை. இதைக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

மச்சினன் கையில் ஒரு பழப் பையோடு வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான்.

"நீங்க எங்க?"

"நானும் வரேன்."

"வேண்டாம் அத்தான்." கோபம் இல்லாமல்தான் சொன்னான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "நீங்க வந்தாலும் பேசமாட்டீங்க. அங்கயும் நான்தான் உங்களுக்கும் சேத்துப் பேசணும். இன்னிக்கு எனக்கு அதுக்குத் திராணி இல்ல."

பஸ் வந்தது. அவன் ஏறினான். ஜன்னல் ஓரம் நிறைய இடம் காலியாக இருந்தது. நான் படியில் கால் வைக்கவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்து, "கேறுன்னில்லே?", ஏறவில்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பஸ் போனது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்ன, தம்பிகூடப் போகலையா?"

"பஸ்ஸில எடமில்ல" என்றேன்.